பிடிமண்

ஊற்றிய வாளித் தண்ணீர்
நின்று ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப்போயிற்று.
சோஹாரில், வாடகை வீட்டின் பின்பக்கம்,
ஏழடிக்கு நாலடி மணல்.

மொய்தூட்டியின் கஃபட்டீரியாவில்
இரவு பதினொன்றுக்குமேல் போனால்
தேயிலைச் சக்கை கிடைக்கும், ஏலக்காய்த் தோலோடு.
ஆட்டுப் புழுக்கை குல்ஜமானிடம்:
மூட்டை அரை ரியால்,
சாக்கைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.
அட்டைப்பெட்டிகளை நனைத்துப் பரப்பினேன்.
‘உடையும் பொருள், கவனம்’ என்றிருந்தது ஒன்றில்.
கவனமாகத்தான் புதைத்தேன்.

ஏசி சொட்டுகிற நீரில் உப்பில்லை.
குழாய்க்கடியில் பெயிண்ட் வாளி;
ஜூலையில் ராத்திரிக்கு ஒன்றரை வாளி,
நாங்கள் தூங்கிய குளிரின் வியர்வை.

அவசரப்பட்டு வெந்தயம் தூவினேன்.
நாலே நாளில் கருகியது.
அதையும் மடக்கி உள்ளே தள்ளினேன்.
“செடிக்கா சோறு போடுற, மண்ணுக்கா?”
என்றார் வியாகுலம், லாரிச் சாவியைத் தேடிக்கொண்டே.
மண்ணுக்குத்தான்.

போன வாரம் அட்டை புதுப்பிக்கப் போனேன்.
கைரேகை இயந்திரம் மூன்று முறை மறுத்தது.
துடை, மறுபடி வை, துடை.
பள்ளிக்கூடச் சமையலறையில்
பதினாறு வருஷச் சோப்பு, என்ன செய்ய.

இன்று விடியலில்
ஒரு பிடி அள்ளி இறுக்கி
விரல்களைத் திறந்தேன்.
உதிரவில்லை.
பிடிகொழுக்கட்டையாய் உட்கார்ந்திருந்தது,
நாலு விரலும் பதிந்து.
கட்டைவிரலையும் வைத்து எடுத்தேன்.
கண்ணாடி போட்டுப் பார்த்தால்
ஏதோ கோடுகள்.

வெயில் ஏறுமுன்
அட்டையால் மூடிவைத்தேன்.