திரும்பி வந்தவை

இயக்குநர் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.
நாற்காலி ஒன்று குறைந்தது.
ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தேன்.
வெளியே கிங்ஸ் லின், அக்டோபர் மழை,
சர்க்கரைக் கிழங்கு ஏற்றிய லாரிகள்.

மேசை நடுவில் அமெரிக்கக்காரனின் பெட்டி,
நாற்பது பவுன் இறங்கிய புது விலைச்சீட்டோடு.
ஜப்பான்காரர்கள் கப்பலில் வருகிறார்களாம்.
"பதினாறு வண்ணம்" என்றார் ஒருவர்.
"அறுபத்து நான்கு கே" என்றார் இன்னொருவர்.
"நூற்று இருபத்தெட்டு" என்றார் முதலாமவர்,
மாட்டுச் சந்தையில் ஏலம் கேட்பவர்போல.

ஸ்டானர்ட் திரும்பினார்:
"டோரீன், பழுதுப் பிரிவு என்ன சொல்கிறது?"

பழுதுப் பிரிவு என்பது நானும்
ஒரு பற்றவைப்புக் கோலும்.
சொல்வதற்குப் பதில்
ஒரு கணினியைத் தூக்கி அவர் முன்னால் வைத்தேன்.
எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள்.

எங்கள் கணினிக்கு ஹெரன் என்று பெயர்.
மூடியில் ஒற்றைக்காலில் நாரை.
நாரைக்கு மீன் வாசம் புதிதா என்ன?
விட்பியில் மீன்கடை வைத்திருக்கும் ஹாரோவே
இதில்தான் கணக்கு எழுதுகிறார்.
அரைமணியில் திரை கலங்கிவிடும்.
காட் மீன்களுக்கு நடுவே
ஐஸ்மேல் வைத்தால் முக்கால்மணி தாங்குகிறதாம்.
புகாராகக்கூட எழுதவில்லை.
பிறருக்கும் சொல்லுங்கள் என்று யோசனையாக எழுதியிருக்கிறார்.

"சூடு இருக்கிறது, ஐயா" என்றேன்.
சொரணையைப் பற்றி வாயெடுக்கவில்லை.

பிறகு நிறுத்த முடியவில்லை.
ஸ்வாஃபமில் ஒரு டீச்சர்,
மூன்று மணிநேரம் தட்டிய பாடத்திட்டம்.
பூனை மேசையில் குதித்தது.
பின்னால் செருகிய நினைவகம் ஒரு மயிரிழை அசைந்தது.
அவ்வளவுதான், கணினிக்கு நினைவு தப்பிவிட்டது.
வருகிற பெட்டிகளில் பாதிக்குமேல்
அந்த இணைப்பில் நீலக் களிமண் அப்பியிருக்கிறது,
சுவரொட்டி ஒட்டுகிற அதே களிமண்.
நம் இயந்திரத்தைச் சேர்த்துப் பிடித்திருப்பது
நம் பொறியாளர்கள் அல்ல.

விசைகளா?
ஊறிய சூயிங்கத்தை அமுக்கிப் பாருங்கள்.

அலுமினியத் தகடு, பதினொரு பென்னி.
முலாம் பூசிய இணைப்பு, முப்பத்து நான்கு.
உண்மையான விசைப்பலகை மட்டும் விலைதான்,
ஆனால் கைவிரல் உள்ளவர்களுக்குத்தானே விற்கிறோம்.
ஓடுகிறவனோடு ஓடுமுன்
செருப்பு வாரைக் கட்டிக்கொள்ளலாமே.

யாரும் சிரிக்கவில்லை.
விளம்பரம் பார்க்கும் பெரின்
பேனாவை மூடி, திறந்து, மூடி,
மெதுவாகக் கேட்டார்:
"இதை எப்படி அறிவிப்பது?
'இப்போது சூடாகாது' என்றா?
அப்படியானால் இதுவரை?"

அவர் முட்டாள் இல்லை.
அதுதான் கஷ்டம்.
பதினாறு வண்ணத்தைப் பக்கம் முழுக்க அச்சடிக்கலாம்.
அசையாத இணைப்பை
எந்த வண்ணத்தில் அச்சடிப்பது?

முடிவாகியது:
பதினாறு வண்ணம், கிறிஸ்துமஸுக்குள்.
தகடு மட்டும், சத்தமில்லாமல்.
களிமண் களிமண்ணாகவே தொடரும்.

அன்று மாலை ஹாரோவேயின் கணினியைத் திறந்தேன்.
செதில் இரண்டு, உப்பு,
சுருண்டு செத்த ஒரு சிறு இறால்.
துடைத்தேன்.
தகடு வைத்தேன்,
கூட்டம் ஒப்புக்கொள்ளாத இணைப்பையும் வைத்தேன்.
முப்பத்து நான்கு பென்னியைத் தேநீர்க் கணக்கில் எழுதினேன்.

டிசம்பர் முதல் வாரம்
விட்பியிலிருந்து ஒரு பார்சல்.
வயிற்றில் எதுவோ கரைந்தது. அதற்குள்ளாகவா?
நூலை அறுத்தால், செய்தித்தாளில் சுற்றி
புகையிட்ட ஹாடக் மீன், இரண்டு.

கட்டடத்துக்குள் எது வந்தாலும்
படிவம் நிரப்பியாக வேண்டும்.
பொருள்: மீன்.
எண்ணிக்கை: இரண்டு.
பழுதின் தன்மை என்ற கட்டத்தில்
வேலைக்குச் சேர்ந்த நாள்முதல்
ஒருதடவையும் எழுதியிராததை எழுதினேன்:
இல்லை.