நீலம் செல்லாது

செப்டம்பர் ஒன்று. மார்ஸ்டன் பார்க்.
இன்றிலிருந்து நீலம் செல்லாது.
கோடைக்குச் சிவப்பு, இலையுதிர்வுக்குப் பச்சை,
குளிருக்கு நீலம், வசந்தத்துக்கு மஞ்சள்.
சிட்னியில் பருவங்களை நான்
மரங்களில் பார்ப்பதில்லை,
நீட்டு வயர்களின் கழுத்தில் பார்க்கிறேன்.

மூன்றாம் தளத்தில்
ஜிப்ராக் தூசியும் நேற்றைய மழையும்
கஞ்சியாய்க் கிடக்கின்றன.
ஒவ்வொரு வயராய் இழுத்து
விரலிடுக்கில் ஓடவிடுகிறேன்.
கண் ஏமாறும்.
கட்டைவிரல் அவ்வளவு எளிதில் ஏமாறாது.

நாற்பத்தோராவது வயர்.
ஆரஞ்சு, இருபத்தைந்து மீட்டர்.
நடுவில் ஒரு வீக்கம்.
கறுப்பு டேப்,
பிள்ளையின் முழங்காலுக்குக் கட்டுப்போட்டதுபோல
அத்தனை பொறுமையாய்ச் சுற்றியிருக்கிறது.
உரித்தேன்.
பழுப்பு உறை பிளந்து
மயிரிழை அளவு செம்பு
மினுங்கியது.

கழுத்தில் நீலச் சீட்டு.
சீட்டில் என் கையெழுத்து.

ஜூன் பன்னிரண்டு, வெள்ளி.
நூற்றுப்பதினாறு வயர்கள்.
டாரன் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு
பக்கத்திலேயே நின்ற நாள்.
டேப் எனக்குப் பிறகு வந்ததா,
எனக்கு முன்பே இருந்ததா?
தெரியவில்லை.
அந்தத் தெரியவில்லைதான்
தொண்டையில் நிற்கிறது.

"சீட்டு இருக்கிறதே, கௌசி" என்கிறான் டாரன்.
குழாய்க்காரர்கள் தங்களுடையது இல்லை என்கிறார்கள்.
டைல்காரர் சொல்கிறார்,
வரும்போதே இங்கேதான் கிடந்ததாம்.
யாருடையதும் இல்லாத இந்த வயரில்தான்
சியோசே காலையிலிருந்து
ஈரத்தரையில் முழங்காலிட்டுக்
கலவை கலக்கிக்கொண்டிருந்தான்.

"பாதுகாப்பு சுவிட்ச் காப்பாற்றும்."
காப்பாற்றலாம்.
அதன் பட்டனை இந்த மாதம்
யாராவது அமுக்கிப் பார்த்தார்களா?
டாரன் கூரையைப் பார்க்கிறான்.
கூரை இன்னும் போடவில்லை.

மடியில் கனம் எனக்கும்தான்.
குறட்டை எடுத்து பிளக்கை வெட்டினேன்,
மற்ற முனையையும்.
பதிவேட்டில் எழுதினேன்:
நாற்பத்தொன்று, பயன்படாது.
கொஞ்சம் நின்று, அடுத்த வரியில்:
ஜூன் சோதனை ஐயத்துக்குரியது. சோதித்தவர் நான்.

"மத்தியானத்துக்குள் இதை நான்
எதை வைத்து முடிப்பது?"
சியோசே கத்தினான்.
கலவை வாளியில் இறுகிக்கொண்டிருந்தது.
நியாயமான கோபம். வேறு வயர் தேடப் போனேன்.

அந்த நீலச் சீட்டை
கால்சட்டைப் பையில் மறந்துவிட்டேன்.
வாஷிங் மெஷினுக்குள் போய்ச் சுழன்று
ஞாயிறு காலை வெளியே வந்தது.
தேதி அப்படியே. பெயர் அப்படியே.
அழியாத மைப் பேனாதான் வேண்டுமென்று
கடையில் கேட்டு வாங்கியவள் நான்.