இருபத்தாறு பல்

தராசின் ஒரு தட்டில் அம்பு,
மறுதட்டில் பூண்டுப் பல்.
படிக்கற்களை மூட்டைகளோடு
வத்தலக்குண்டுக்கு எடுத்துப் போயிருந்தார் அவர்.

ஓடைமூங்கில் அம்புக்குப் பதினொன்று போதும்.
ஈட்டிமரத் தண்டு, லாரிப் பட்டையில் அடித்த முனை,
அதற்கு இருபத்தாறு போட்டும்
முள் கொஞ்சம் யோசித்தது.

"இதைப் போய் எய்வாங்களா மதினி,
உலக்கைய எறிஞ்ச மாதிரி இருக்கும்"
என்றான் குருநாதன்.
அவன் லேசின் கட்சி.
லேசானது கோடு போட்டாற்போல் போகும்.
இருபது தப்படியா முப்பதா என்று
இருட்டில் கணக்குப் பார்க்க வேண்டாம்.
தப்புக் கணக்கையும் மன்னிக்கும்.

எல்லாம் சரிதான்.
அம்பு கொண்டுபோகாத பலத்தை
வில் என்ன செய்யும்?
கத்தித் தீர்க்கும்.
பங்குனியில் கேட்டேன் அந்தச் சத்தத்தை,
வெறும் குண்டானில் கரண்டி விழுந்ததுபோல.
சத்தம் போனதற்கும் அம்பு போனதற்கும் நடுவே
ஒரு தும்மலுக்கு இடம் இருந்தது.
அதற்குள் பன்றி தோளைத் திருப்பிவிட்டது.

ஆண்பன்றியின் தோள்
பழைய டயர்.
மூன்று விரல் மட்டும் இறங்கிய அம்போடு
ஓடைச் சரிவில் மறைந்தது.
மூன்று பகல் தேடினோம்.
நான்காம் நாள் தேட வேண்டியிருக்கவில்லை,
காற்றே வந்து சொன்னது.
கறிக்கும் ஆகாமல்,
புதைக்கக் கிட்டப் போகவும் முடியாமல் கிடந்தது.
வாய் நிறைய மண்.
அதைப் பற்றிக் குருநாதன் பேசுவதில்லை.

கனத்த அம்புக்கு ஒரே நிபந்தனை:
கிட்டே வா.
பகலில் பலகை நட்டு எய்து பார்த்தேன்.
பதினைந்து தப்படியில் சொன்ன பேச்சு கேட்டது.
இருபதில் ஒரு சாண் கீழே.
இருபத்தைந்தில்
பலகை இருப்பதே அதற்குத் தெரியவில்லை.

பூம்பாறைக்கு மேலே எங்கள் மூன்றாம் தட்டு.
வரப்போரக் குழியில் சாக்குப் போர்த்தி உட்கார்ந்தேன்.
மேகம் இறங்கி
என் முழங்காலையே எனக்குக் காட்டவில்லை.
வாசத்துக்குப் பயமில்லை.
இத்தனை வருஷத்தில்
நானும் பூண்டாகத்தானே மணக்கிறேன்.

முதலில் மெல்லும் சத்தம் வந்தது.
அப்புறம் மூச்சு.
கடைசியில்தான் பன்றி.
பதினான்கு தப்படி. வேண்டாம்.
பன்னிரண்டு. முகத்தைக் காட்டி நிற்கிறது, வேண்டாம்.
என் பூண்டைத்தான் தின்றது,
ஒவ்வொன்றாக, சோம்பலாக,
நான் எண்ணக்கூடிய வேகத்தில்.
ஒன்பதில் பக்கவாட்டில் திரும்பி
முன்காலை நீட்டி வைத்தது.

விட்டேன்.
வில் ஒன்றும் சொல்லவில்லை.
இருந்ததையெல்லாம் அம்பிடம் கொடுத்துவிட்டு
கையில் சும்மா இருந்தது.
தவறிவிட்டது என்றே நினைத்தேன்.
பன்றி தலையைத் தூக்கியது,
ஏதோ மறந்தாற்போல நின்றது,
குனிந்து இன்னொரு பூண்டைப் பிடுங்கி மென்றது.
மென்றுகொண்டே உட்கார்ந்தது.
பிறகு சத்தம் இல்லை.

நான் எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

விடிந்தபின் அம்பைத் தேடினேன்.
கீழ்த்தட்டுக் கல்கட்டில்
இரண்டு கல்லுக்கு நடுவே சொருகிக் கிடந்தது,
பன்றியைத் தாண்டி அத்தனை தூரம்.

தொடைக்கறியை வாங்கிக்கொண்டு குருநாதன் சொன்னான்:
"ஒம்பது தப்படின்னா லேசானதே போதுமே மதினி."
இருக்கலாம்.
லேசானது கையில் இருந்திருந்தால்
பதினான்கிலேயே விட்டிருப்பேன்.
அதை அவனிடம் சொல்லவில்லை,
இலையை மடித்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் இவர் படிக்கற்களோடு வந்து
அம்பைக் கழுவித் துடைத்து நிறுத்தார்.
"ஐம்பத்தெட்டு கிராம்."
இருபத்தாறு பல் என்றேன்.
"பல்லெல்லாம் ஒரே எடையா இருக்கும்?
எங்கே, அதைக் கொண்டா பார்ப்போம்" என்றார்.

அந்த இருபத்தாறும்
அடுப்பில் ரசத்தில் கொதித்துக்கொண்டிருந்தன.