எட்டாவது வால்வு

ஆலைச் சங்கு ஊதாத ஞாயிறு.
பீடோர் சந்தைக்குப் போகவேண்டிய டட்சனின்
மூடியைக் கழற்றி
நட்டுகளை மைலோ டின்னில் போட்டிருக்கிறேன்.

"மூணாவதுதான் டக்டக்குன்னு கத்துது"
என்கிறார் பக்கத்து வீட்டு சன்னாசிராவ்,
கோப்பி-ஓ பொட்டலத்தை உறிஞ்சியபடி.
செம்பனைக் குலை விழும் ஓசையிலேயே
எடை சொல்கிறவர்.

எஞ்சின் இன்னும் சூடு.
மில்லிமீட்டரை நூறாக்கி
அதில் முப்பத்தைந்து.
தகடு நுழையவேண்டும், ஆனால்
டிக்கெட்டை விடாத கண்டக்டர் விரல்போல
லேசாகப் பிடிக்கவும் வேண்டும்.

மூன்றாவது தளர்ந்துதான் கிடந்தது.
திருகி, அசையாமல் பிடித்து, நட்டை இறுக்கி,
மறுபடி தகடு.
சரி.

கிராங்க் ஒரு சுற்று.

எட்டாவது
இத்தனை நாளில் வாய் திறந்ததில்லை.
முப்பத்தைந்து நுழையவில்லை.
இருபதும்.
ஐந்துகூட.

முழுசாக மூட முடியாமல்
ஒவ்வொரு வெடிப்புக்கும் விளிம்பு கருகியிருக்கிறது.
தாப்பா மேட்டில் மூச்சு வாங்கியபோதெல்லாம்
நான் பெட்ரோலைத் திட்டினேன்.

அரைத் திருகு பின்னால்.
இன்னும் கொஞ்சம்.
தகடு போனது.

மூடியை மாட்டிச் சாவியைத் திருப்பினால்
மூன்றாவது அடங்கிவிட்டது,
எட்டாவது மெதுவாக
டிக், டிக், டிக்.

சன்னாசிராவ் காதைச் சாய்த்தார்.
"என்னப்பா,
நல்லா இருந்ததையும் கெடுத்துட்டியே."