ரோஸ் ஹில்லில் ஒரு வேட்புமனு

வேட்புமனு வாங்க அந்த வருஷம் எங்களுக்குக் கிடைத்தது
ஒரு பள்ளிக்கூட வகுப்பறை.
குட்டை நாற்காலிகள். முழங்கால் மேசையில் இடிக்கும்.
முந்தின நாள் மாலை வகுப்பின் தமிழ்ப் பாடத்தைக்
கரும்பலகையிலிருந்து யாரும் அழிக்கவில்லை:
நடுவில் ஒரு கோடு,
இந்தப் பக்கம் உயர்திணை, அந்தப் பக்கம் அஃறிணை.

பதினொன்றேகாலுக்கு வந்தார் மரிலீன் வீரப்பேன்.
முப்பது வருஷம் இதே ஊரில்
தத்துவமும் கவிதையும் நடத்தியவர்.
சொட்டும் குடை. பிளாஸ்டிக் உறைக்குள் காகிதங்கள்.
முன்மொழிந்தவர்கள் கையெழுத்து எல்லாம் சரி:
ஒரு ரொட்டிக்கடைக்காரர், இரண்டு நர்சுகள்,
மசூதித் தெருத் தையல்காரர்,
முகவரியில் "லாரி நிறுத்தம் எதிரில்" என்று மட்டும்
எழுதிய ஒருவர்.

ஏழாம் கட்டம் காலி.

சமூகம் எது என்று கேட்கும் கட்டம்.
இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர்.
இந்த மூன்றிலும் அடங்காதவர் பொது மக்கள்.
அப்படியென்றால் மற்ற மூன்றும் தனியார் மக்களா
என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய ஜோக்.
இப்போது யாரும் சிரிப்பதில்லை.

"மறந்துவிட்டீர்கள், மேடம்."
"மறக்கவில்லை."

அப்பா தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவராம்.
அம்மா செப்டம்பரில் சேந்த்-க்ருவா கல்லறைக்கு
இரவெல்லாம் நடந்தவராம்.
திரும்பி வந்தால் ஒரே அலுமினியப் பாத்திரத்தில்
காலுக்கு வெந்நீர்.
"இரண்டு பேர் காலிலும் ஒரே மாதிரிக் கொப்புளம்.
எந்தக் கொப்புளத்தை இங்கே எழுத?"
பிறகு, மெதுவாக:
"சாமி கும்பிடாதவள் என்று நினைக்க வேண்டாம்.
கும்பிடுகிறேன். அதனால்தான்
அதை ஓட்டுக் கணக்கில் காட்ட மனசில்லை."

மிஸ்யே கொதாபக்கஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.
"ஏதாவது ஒன்று போடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்."
கெட்ட மனிதர் இல்லை எங்கள் அதிகாரி.
என் மாமியாருக்கு ரத்தம் கொடுத்தவர்.
அந்தப் படிவம் கேட்டது ஓ பாசிட்டிவா என்று மட்டும்.

அவர் பேனாவைத் திறக்கவில்லை. பலகையைப் பார்த்தார்.
"இந்த எழுத்து நம் ரூபாய் நோட்டில் இருக்கிறது.
எனக்குப் படிக்க வராது. என்ன அது?"
சொன்னேன். மனிதர்கள் இந்தப் பக்கம்.
நாய், கல், நாற்காலி அந்தப் பக்கம்.
"கடவுள்?"
"மனிதர் வரிசையில்தான்."
"குழந்தை?"
"அது கொஞ்சம் இழுபறி, மேடம்."
சிரித்தார். முன்பல் ஒன்று சற்றே உடைந்திருந்தது.
"இரண்டே கட்டம்! உங்கள் இலக்கணக்காரரிடம்
தேர்தலை விட்டிருக்கலாம்."

பன்னிரண்டு அடித்தது.

நிராகரிப்புத் தாளில்
காரணம் எழுத ஆறு வரி இடம்.
நீ யார் என்று எழுத விட்டதோ
ஒரு விரல் அகலம்.
ஆறு வரியையும் நான்தான் நிரப்பினேன்.
"மனுவைத்தான் நிராகரிக்கிறோம், உங்களை இல்லை"
என்றார் மிஸ்யே கொதாபக்கஸ், உண்மையான வருத்தத்தோடு.
நிராகரிக்கப்பட்டது.
நிராகரிக்கப்பட்டார் அல்ல.
அந்த ஒரு "து"வில் எங்களுக்கு எவ்வளவு வசதி.

நகலை வாங்கி நின்றபடியே படித்தார்,
மாணவன் கட்டுரையைப் படிப்பதுபோல.
"என் பெயரில் ஒரு எழுத்து குறைகிறது."
திருத்தினேன். பக்கத்தில் என் சுருக்கொப்பம்.
நன்றி சொல்லிவிட்டுப் போனார்.
குடையை மறந்துவிட்டுப் போனார், பிறகு
அதற்காக யாரும் வரவில்லை.

என் வேலை விண்ணப்பத்தில்
அதே கட்டத்தை நான் நிரப்பிய நாள்
நினைவுக்கு வரவேயில்லை. கை எழுதியிருக்கும்.

நாலு மணிக்குத் துப்புரவுக்காரர் வந்து
ஈரத் துணியால் பலகையைத் துடைத்தார்.
அந்தப் பக்கம்தான் முதலில் போனது.
நாய். கல். நாற்காலி.
அதற்குக் கீழே பொடி எழுத்தில் படிவம்.
அது பிள்ளைகள் எழுதியதில்லை.
மதிய இடைவேளையில், அறை காலியாக இருந்தபோது,
நான் எழுதியது.