பதினைந்து நாள்

ரெட்டெம்மாவுக்கு ரெட்டைப் பதவி என்று
டீக்கடையில் ஒரே சிரிப்பு.
சீப்பில் வார்டு மெம்பர்,
தென்னைமரத்தில் ஒன்றியக் கவுன்சிலர்.
முதலாவது அவள் ஆசைப்பட்டு நின்றது.
இரண்டாவது, நிற்க வேண்டியவர் கடைசி நாளில் நழுவ
யாரோ பெயர் எழுதிக் கொடுத்தது.
இரண்டிலும் ஜெயித்துத் தொலைத்தாள்.

வேப்பகுண்டா ஊராட்சிச் செயலர் நான்.
பள்ளிப்பட்டிலிருந்து வந்த கடிதத்தை
நான்தான் படித்துச் சொன்னேன்:
ஒருவருக்கு ஒரு நாற்காலி,
பதினைந்து நாளில் ஒன்றை விடவும்.
"விடலன்னா?"
"ரெண்டும் போயிடும்மா."
எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக
ரேஷன் கார்டு வைத்திருக்கும் தன் கொழுந்தனுக்கு மட்டும்
எதுவும் போகவில்லையே என்று
தெலுங்கில் முணுமுணுத்தாள்.
எனக்குத் தெலுங்கு புரியும் என்பது
அவளுக்குத் தெரியும்.

மூன்றாம் வார்டில் குழாய்
மாவுமில் திருப்பத்தோடு நின்றுவிட்டது.
மெம்பர் எழுதுவார், நான் அனுப்புவேன்,
கவுன்சிலர் கைக்கு வரவில்லை என்பார்.
அந்த மனுக்களில் பாதி என் பீரோவிலேயே கிடந்தன.
இதைச் சொல்லியிருக்கக் கூடாது.

ஒன்பதாம் நாள் வந்தாள்,
மகனுடைய கணக்கு நோட்டில் கிழித்த தாளோடு.
அனுப்புநர்: ரெட்டெம்மா, வார்டு உறுப்பினர்.
பெறுநர்: ரெட்டெம்மா, ஒன்றியக் கவுன்சிலர்.
பொருள்: முந்நூறு அடி குழாய்.

"இப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா."
"எந்தச் சட்டத்துல?"

புத்தகத்தைத் திறந்தேன்.
மின்விசிறி எனக்கு முந்திப் பக்கம் புரட்டியது.
அதற்குள் மேசையைச் சுற்றி வந்து
அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள்.
தன் மனுவைத் தானே வாங்கி
விரல் வைத்துப் படித்தாள்,
எழுதியவள் வேறு யாரோ போல.
"அளவு தப்பு," என்றாள்.
"திருப்பத்தச் சேர்க்கலையே இவ."
முந்நூற்று நாற்பது என்று திருத்தி
இரண்டு கையெழுத்துப் போட்டாள்:
அனுப்பியவள் தமிழில்,
பெற்றுக்கொண்டவள் தெலுங்கில்.
என் முத்திரையை அவளே எடுத்துக் குத்தினாள்.

பதினைந்தாம் நாள் வார்டை விட்டாள்.
பலகையில் மூன்று என்பதற்கு நேரே
காலி என்று எழுதினேன்.
சுண்ணாம்புக் கட்டி ஒடிந்தது.

குழாய் வரவில்லை இன்னும்.
நேற்று, அவளிடம் நாலு ஓட்டில் தோற்ற தேசம்மா
ஒரு தாளை நீட்டினாள்.
பெறுநர்: ரெட்டெம்மா, ஒன்றியக் கவுன்சிலர்.
அதே கணக்கு நோட்டுத் தாள்.
படித்துப் பார்த்தேன்.
அளவு சரியாக இருந்தது.