ஆறு தெரியும் அறை

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே
காவிரிக் கரையில் எங்கள் விடுதியில்
ஒரே அறைக்கு இரண்டு விலை.
தண்ணீர் ஓடினால் நாலாயிரத்து எண்ணூறு,
ஓடாவிட்டால் இரண்டாயிரத்து அறுநூறு.
நடுவில் இருப்பது ஆற்றின் சம்பளம்.
வாங்கிக்கொள்வது நாங்கள்.

மேட்டூர் எத்தனை அடி என்று
விதை ஊறவைத்தவர்கள் கேட்பார்கள்.
இப்போது அவர்களுக்கு முன்னால் கேட்கிறார்
பெங்களூர் ஏஜெண்ட்.
இரண்டு தரப்புக்கும் ஒரே எண்தான் சொல்கிறேன்.

ஜியாவுதீன் இங்கே கீற்றுக் கொட்டகையில்
மீன் வறுக்க ஆரம்பித்து ஒன்பது வருஷம்.
இன்று கரையில் பதினொரு விடுதி,
மூன்று மருந்துக் கடை, இரண்டு ஏடிஎம்,
ஒன்றில் பணம் இருக்கும்.
விலை ஏற ஏற அளவு சிறுத்தது:
வேலிக் கணக்கில் பேசிய படுகையை
மா என்றார்கள், அப்புறம் குழி,
போன பங்குனியில் சதுர அடி.

விரிப்பு வெளுக்கும் தையல்நாயகியிடம்
பதினான்கு பெண்கள், மூன்று எந்திரம்.
"நடவுக்குக் குனிஞ்சதுக்கு இது தேவலை,
இடுப்பு நிமிந்திருக்கு.
கைதான் சோடாவுல வேகுது."
நூற்றெண்பது அடியில் இருந்த போர்
இருநூற்றறுபதுக்குப் போனபோது
அந்த எண்பது அடியையும் பில்லில் ஏற்றினாள்.
நான் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வருஷம் ஜூன் பன்னிரண்டு
சும்மா ஒரு தேதியாகக் கடந்துபோனது.
பதினெட்டாம் பெருக்குக்கு நாற்பத்தொரு அறை ரத்து.
ஜியாவுதீன் மணலில் இறங்கி நின்றார்.
பதினாறு வருஷம் துபாயில்
வெள்ளைக்காரர்களை மணல்மேட்டில் ஏற்றி இறக்கியவர்.
காலால் ஒரு தரம் கிளறிப் பார்த்து
"இதுக்கென்ன குறைச்சல்" என்றார்.

பத்தே நாளில் லாரியில் வந்து இறங்கின
இரண்டு ஒட்டகம், கூடவே ஜெய்சல்மர் ஹுக்மாராம்,
ஆறு கூடாரம், அரிக்கேன் விளக்கு.
பேரீச்சம்பழம் கும்பகோணம் மண்டியில்.
பலகை எழுதினோம்:
பாலைவன இரவு, தலைக்கு மூவாயிரம்.
டெல்டாவில்.
சனி ஞாயிறு இடமில்லை.
ஒட்டகத்தை எந்தத் தலைப்பில் எழுத என்று
தஞ்சாவூர் ஆடிட்டரைக் கேட்டேன்.
"வாகனம்னு போடும்மா,
வருஷா வருஷம் தேய்மானம் கழிக்கலாம்."

எதிர்க்கரையில் குறுவை போடாத வயல்
எங்கள் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது.
அங்கிருந்து மூன்று பேர்
கூடாரம் அடிக்க வந்தார்கள்.
கூலி அன்றன்றைக்கே கொடுத்தோம்.
வாங்கும்போது முகம் பார்க்க மாட்டார்கள்.

ஆவணியில் ஒரு வியாழன், ராத்திரி பதினொன்றரை.
கல்லணை திறந்தது தெரியும்,
விடிந்துதான் வரும் என்றிருந்தார்கள்.
நுரையும் சருகும் ஒற்றைச் செருப்பும் தள்ளிக்கொண்டு
மணலை நக்கி நக்கி வந்தது,
விரல் கனம்.
பாலத்தில் குலவை.
யாரோ டிராக்டர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.
கூடாரம் இரண்டு போயிற்று.
ஹுக்மாராம் இழுக்க இழுக்க
பெரிய ஒட்டகம் நகராமல் நின்று
குனிந்து குடிக்க ஆரம்பித்தது.

பாலைவனத்துக்குப் பணம் கட்டியவர்கள்
வரவேற்பறையில் வரிசையாய் நின்றார்கள்,
ஈரக் கால்களோடு,
பணத்தைத் திருப்பிக் கேட்டு.
கொடுத்தேன். கொடுத்துவிட்டுக்
கணினியில் விலையை மாற்றினேன்,
நாலாயிரத்து எண்ணூறு.
நஷ்டக் கணக்கில் காரணம் என்ற கட்டத்தில்
ஆற்றில் தண்ணீர் என்று எழுதி
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிகாலையில் ஹுக்மாராம் வந்தான்.
உடைந்த தமிழில், எப்போ காயும்?
மேட்டூர் மூடினால், ஜனவரி கடைசியில்.
விரலில் எண்ணினான். ஐந்து மாசத் தீவனம்.
தை பிறந்தா வைக்கோல் மலிஞ்சுடும் என்றேன்.
தை என்றால் யார் என்று கேட்டான்.